பிபி பார்த்து மாப்பிள்ளை தேடியவர்

என் மாமா எனக்குப் பெண் தர மறுத்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. பையனுக்கு வேலை சரியில்லை, குடிக்கிறான், ஊர் சுற்றுகிறான் என்று ஏதாவது சொல்லியிருந்தால் அம்மா சண்டை போட்டு ஜெயித்திருப்பாள். இரத்த அழுத்தத்தோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தாள்.

மாமா அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். நகரியில் எங்கள் தெருவிலேயே அவர் வீடு. முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் பவர்லூம். எங்கள் ஜனங்களில் தாய்மாமன் மகள் என்றால் உரிமைப் பெண். வெளியிலிருந்து யாராவது கேட்டு வந்தால்கூட முதலில் எங்களைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மாமாவே தன் அக்காள் மகளைத்தான் கட்டியிருந்தார். அவருடைய ஒரே மகள் செல்வி எனக்குத்தான் என்று நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போதே பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை இல்லை என்பது ரொம்பக் குறைத்துச் சொல்வது. ரேணிகுண்டாவில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரயில் பிடித்து ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று அம்மா நம்பினாள்.

எல்லாம் மாமாவின் அண்ணன் செத்ததில் ஆரம்பித்தது. அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கீழே விழுந்திருக்கிறார். பவர்லூம் சத்தத்தில் மனிதன் விழுகிற சத்தம் யாருக்குக் கேட்கும்? ஊடுநூல் தீர்ந்து தறி தானாக நின்ற பிறகுதான், ஏன் நூல் மாற்றவில்லை என்று எட்டிப் பார்த்தார்கள். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது, பிபி ரொம்ப நாளாக இருந்திருக்கிறது என்றார் டாக்டர். அப்பாவுக்கு எப்படி என்று கேட்டார். அவரும் இப்படித்தான் விழுந்தார் என்றார் மாமா. கூடப்பிறந்தவர்கள்? அக்காவுக்கு இருக்கிறது, தங்கச்சிக்கும் இருக்கிறது. இது குடும்பத்தில் வருவது, உப்பைக் குறையுங்கள், வீட்டிலேயே ஒரு மிஷின் வாங்கி வைத்து எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டாக்டர் சொல்லாத ஒன்றைத் தானாகவும் சேர்த்துக்கொண்டார்.

"நம்ம ஆளுங்க அக்கா பொண்ண கட்றாங்க, மாமன் பொண்ண கட்றாங்க. இது வெளிய போவ வழியில்லாம வூட்டுக்குள்ளயே சுத்திக்கினு கீது. என் பொண்ண இதுல வுட மாட்டேன். பிபி இல்லாத வூடா பாத்து வெளிய குடுத்துடுவேன்" என்று காரியம் முடிந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். துக்கத்தில் பேசுகிறார் என்று எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

மிஷின் வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்கு மனிதர்கள் எல்லாம் கைகளாகத் தெரிய ஆரம்பித்தார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர், நூல் வியாபாரி, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், யாரையும் விடுவதில்லை. வந்தவரிடம் முதலில், "ஒண்ணுக்குப் போய்ட்டு வந்தியா?" என்று கேட்பார். அடக்கிக்கொண்டிருந்தால் பிபி ஏறிக் காட்டுமாம். அடுத்தது, "காபி குடிச்சியா?" குடித்திருந்தால் அரைமணி நேரம் உட்கார வேண்டும். பிறகு முதுகைச் சாய்க்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. பத்திரிகை வைக்க வந்தவர்கள் எந்தத் தேதியில் கல்யாணம் என்று சொல்லாமலேயே போன கதையும் உண்டு.

தறி ஓடினால் தரை அதிரும். தரை அதிர்ந்தால் மிஷின் எண் காட்டாமல் எரர் காட்டும். அதனால் ஒவ்வொரு கைக்கும் எல்லாத் தறிகளையும் நிறுத்துவார். எங்கள் தெருவில் சத்தம் அடங்கினால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் மாமா யாரையோ பிடித்திருக்க வேண்டும். மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிற தறிக்காரர்கள் பீடியோடு வெளியே வந்து நின்று, "இன்னிக்கு இன்னும் எத்தினி கை கீது அண்ணே?" என்று கேட்பார்கள். அவர் அவர்கள் கையையும் பார்த்துவிடுவார்.

வீட்டைவிட்டுக் கருவாடு போனது, அப்பளம் போனது, மிக்சர் போனது. ராகிக் களிக்கு உப்புப் போடுவது நின்றது. விருந்தில் இலையில் ஊறுகாய் விழுந்துவிட்டால் டம்ளர் தண்ணீரில் கழுவித் தின்பார். பக்கத்து இலைக்காரர் பார்த்தால் அவருடையதையும் கழுவித் தரத் தயாராக இருந்தார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் அம்மா, "அண்ணா, உப்பே போடல, துன்னு" என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சொல்வாள். ஒரு வாய் வைத்ததும் மாமா சாம்பாரில் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். அம்மா உள்ளே போய் அழுவாள். உப்பு போட்டது தெரிந்துவிட்டதே என்றுதான்.

அம்மா தலை சுற்றுகிற அன்றைக்கு மட்டும் மாத்திரை போடுகிற ஆள். இது தெரிந்ததும் மாமா தினம் காலையில் எங்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். அவர் எதிரிலேயே விழுங்க வேண்டும். விழுங்கியதும், "வாயத் தொற" என்பார். தெருவே பால் வாங்கப் போய்வருகிற நேரத்தில் அம்மா தன் அண்ணனுக்கு நாக்கை நீட்டிக் காட்டுவாள். நாக்குக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் போவார். மழை நாளில் குடையோடு வருவார். இந்த மனிதர் மேல் எப்படிக் கோபப்படுவது?

அம்மா முறைப்படி பூ, பழம், வெற்றிலை வைத்துத் தட்டோடு பெண் கேட்கப் போனாள். நானும் போனேன். மாமா தட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு எழுந்துபோய்த் தறிகளை நிறுத்தினார்.

"கைய நீட்டுடா."

கதவுத் திரைக்குப் பின்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பாதம் தெரிந்தது. பட்டை என் கையை இறுக்கியது. நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார். இன்னும் ஏறியிருந்தது.

"தப்பா நெனைக்காதம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். "ஒனக்கும் கீது, ஒம்பையனுக்கும் கீது. எம்பொண்ண அதுக்குள்ள தள்ள முடியாது." தட்டை அவரே எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

"பொண்ணு கேட்டு வந்தா சந்தையில மாட்டுக்குப் பல்ல பாக்கற மாதிரி பாக்கறியே அண்ணா" என்று அம்மா வாசலில் நின்று கத்தினாள். மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல் வந்தார். அம்மா மாத்திரையை விழுங்கிவிட்டு நாக்கை மட்டும் நீட்டினாள், பேசவில்லை. அதுவரை என்னை "மாப்ள" என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து "தம்பி" என்றார்.

நான் சொந்தமாக ஒரு மிஷின் வாங்கினேன். ரேணிகுண்டா அறையில் காலையில் பார்த்தால் நூற்று இருபதை ஒட்டி வரும். ராத்திரியும் அப்படியே. மாமாவிடம் சொன்னேன்.

"ஒன் மிஷினு ஒன் சோறு துன்னுது. ஒனக்காகத்தான் பேசும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதை அவர் வீட்டுக்கே எடுத்துப் போய் இரண்டு மிஷினிலும் பார்த்தோம். இரண்டிலும் நூற்றைம்பது. என் மிஷினும் அவர் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. அங்கே போனால் மட்டும் ஏன் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். அதை எந்த வாயால் அவரிடம் சொல்வது?

அப்புறம் அவர் மாப்பிள்ளை தேடப் புறப்பட்டார். பைக் ஓட்டிப் போனது நான். அப்படி ஒரு மானம்கெட்டவன் உண்டா என்று கேட்கலாம். மாமா கூப்பிட்டுப் போகாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. தவிர, எந்த வீட்டில் என்ன எண் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் என்னைவிட யாருக்கும் இல்லை. வெற்றிலை பாக்கு, பழம், மிஷின் மூன்றும் ஒரே மஞ்சள் பையில் இருக்கும்.

புத்தூரில் மாப்பிள்ளையின் அப்பா கனத்த மனிதர், சிரித்த முகம். "ஒண்ணுக்குப் போய்ட்டு வந்தீங்களா?" என்று மாமா கேட்டதற்கே விழுந்து விழுந்து சிரித்தார். விளையாட்டாகக் கையை நீட்டினார். நூற்றுத் தொண்ணூறு. மாமா மறுபடி பார்த்தார், இன்னொரு கையிலும் பார்த்தார். பிறகு வந்த காரியத்தையே மறந்துவிட்டார். "எழுந்திரிங்க, செருப்ப மாட்டுங்க" என்று அவரை பஸ் ஏற்றித் திருப்பதிக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டி, மாத்திரை வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விட்டார். இவ்வளவு அக்கறையா என்று அந்த வீட்டார் சம்பந்தம் முடிந்ததாகவே நினைத்து, தேதி கேட்டு போன் செய்தார்கள். "அந்த வூடு ஆவாதுடா தம்பி" என்று என்னிடம் சொன்னவர், அந்த மனிதரின் கையைப் பார்க்க மட்டும் மாதம் தவறாமல் புத்தூர் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு வீட்டில் அப்பாவுக்கு இருந்தது. ஒரு வீட்டில் அம்மாவுக்கு. ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்கே இருந்தது, அவன் கையை உதறிக்கொண்டு எழுந்துபோய் பைக்கை உதைத்தான். சித்தூர் ஜில்லாவில் பிபி இல்லாத வீடே கிடையாது போலிருந்தது. எனக்கு நம்பிக்கை வளர்ந்துகொண்டே வந்தது.

கடைசியில் சித்தூரில் அப்படி ஒரு வீடு அகப்பட்டது. அப்பா, அம்மா, அண்ணன், மாப்பிள்ளை என்று நாலு கையும் சுத்தம். மாப்பிள்ளை மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர், பார்க்கவும் நன்றாகவே இருந்தான். திரும்பி வரும்போது மாமா பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசவே இல்லை. அதிகச் சந்தோஷம் வந்தால் அவருக்குப் பேச்சு வராது. நான் பள்ளம் பார்த்துப் பள்ளத்தில் வண்டியை விட்டேன்.

அவர்கள் பெண் பார்க்க நகரிக்கு வந்தார்கள். தறிகளை நிறுத்துகிற வேலையை மாமா என்னிடம் கொடுத்திருந்தார். நிறுத்தினேன். கேசரி வந்தது, பேச்சு நன்றாகவே போனது. மாப்பிள்ளையின் அம்மா அதிகம் பேசாத பெண்மணி. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தெலுங்கு கலந்த தமிழில் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"அண்ணா, எங்க வூட்ல எல்லார் கையும் பாத்துட்டீங்க கதா? பொண்ணு கையையும் ஒருதரம் பாத்துட்டா தீந்துபோச்சி."

"இருபத்திமூணு வயசுப் பொண்ணுக்கு இன்னாத்துக்கும்மா?" என்றார் மாமா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிலிண்டர்காரர் கையைப் பார்த்தவர், புத்தூர்க்காரரின் இரண்டு கையையும் பார்த்தவர், பெற்ற மகளின் கையை ஒருநாளும் பார்த்ததில்லை. மறந்துபோனார் என்று சொல்ல முடியாது. பயம்தான்.

செல்வி தானே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் வைத்து, பட்டையைத் தானே சுற்றிக்கொண்டாள். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூற்று ஐம்பத்தாறுக்கு நூறு.

"பொண்ணு பாக்க வந்துகீறீங்க, பயந்துகினு கீறா. பயத்துல ஏறும்" என்றார் மாமா. நான் அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பரவாலேது அண்ணா. வூட்டுக்குப் போயி போன் பண்றோம்" என்று அந்த அம்மாள் எழுந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். அவர்கள் போன பிறகும் தறியை ஓட்டச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் அவளே பார்த்தாள். அவள் வீடு, அவள் நாற்காலி, பயப்படுவதற்கு எவரும் இல்லை. எண் இறங்கவில்லை. மாமா என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனார். அதே டாக்டர். இந்த வயதில் இவ்வளவு என்றால் கிட்னியையும் பார்க்க வேண்டும் என்று எல்லா டெஸ்ட்டும் எடுத்தார். வேறு கோளாறு ஒன்றும் இல்லை, குடும்பத்தில் வருவதுதான் என்றார்.

"உப்பே இல்லாம வளத்தேன் சார்" என்றார் மாமா.

"வளர்த்தது வீண் இல்லை. இல்லையென்றால் இன்னும் ஏறியிருக்கும்" என்றார் டாக்டர். சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் பார்த்துக்கொண்டே இருந்தால் நன்றாக இருப்பாள் என்றார்.

எழுந்திருக்கும்போது மாமா என்னைக் காட்டி, இவனுக்கு என் வீட்டில் நூற்றைம்பது, இவன் அறையில் நூற்று இருபது, எது சார் நிஜம் என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். சோதிக்கிறவர் எதிரில் ஏறுவது சகஜம், அவனவன் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து பல நாள் பார்ப்பதுதான் கணக்கு, இவருக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார். அவளுக்கு இருக்கிறது என்று தெரிந்த அதே இடத்தில் எனக்கு இல்லை என்று தெரிந்ததில் எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் மாமா எங்கள் வாசலுக்கு வந்தபோது கையில் தட்டு இருந்தது. பூ, பழம், வெற்றிலை.

"பொண்ணுக்கு நூத்தி அம்பத்தாறு. மறைக்கல. ஒம்பையனுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னிக்கு நான் பண்ணது தப்பும்மா. இன்னிக்கு நானே வந்து கேக்கறேன்."

அம்மா மாட்டுச் சந்தைக் கணக்கைத் தீர்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "எங்க அண்ணன் பொண்ணுக்கு நான் நம்பர் பாப்பனா?" என்றாள். அவர் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க மறந்துபோனது அன்று ஒருநாள்தான்.

சாயங்காலம் செல்வி வந்தாள். பின்னாலேயே மாமாவும் வந்தார்.

"வேணாம் அத்தை" என்றாள் அம்மாவிடம். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒன்ன புடிக்காம இல்ல. அது ஒனக்கே தெரியும். ஆனா அத்தைக்கு கீது, எனக்கு கீது. ஒனக்கு இன்னிக்கு இல்ல, அவ்ளோதான். நாளைக்கு நமக்குப் பொறக்கறதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே வூடு. இத்தினி வருஷமா நைனா இன்னா சொல்லிக்கினு கீறாரு? அவுரு சொன்னது சரிதான். யாருக்குக் கீதுன்றதுலதான் ஆள மாத்திட்டாரு."

"டாக்டர் அப்டிச் சொல்லலம்மா" என்றார் மாமா. "அது நானா சொன்னது. வெளிய குடுத்தா மட்டும் வராதுன்னு யாருக்குத் தெரியும்? மாத்திர கீது, மிஷினு கீது, பாத்துக்கலாம்மா." தான் பல வருடமாகக் கட்டிய வாதத்தை அவரே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தார். பெண் அசையவில்லை. கெஞ்சினார். அவள் அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு வலித்தது. இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வலிக்கும்.

செல்வியைச் சித்தூரில் ஒரு ஸ்கூல் வாத்தியார் கட்டிக்கொண்டார். பெண் பார்க்க வந்தவரிடம் முதல் பேச்சிலேயே தன் எண்ணைச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை உண்டானபோது பிபி ஏறியது. தினம் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்ததால் உடனே தெரிந்து, ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தாயும் மகனும் நன்றாக வந்தார்கள். எனக்குக் குப்பம் பக்கம் குடுபல்லியில் பெண் எடுத்தார்கள். நல்லவள். என் கல்யாணத்துக்கு மாமா மிஷின் இல்லாமல் வந்தார். அதை ஊரே கவனித்தது. மிஷினைச் செல்வி புருஷன் வீட்டுக்குப் போகும்போதே கொடுத்தனுப்பிவிட்டார். தெருவில் யார் கையையும் அதன் பிறகு அவர் பார்க்கவில்லை. கரண்ட் போனால் மட்டும் தறி நின்றது.

போன வருடம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். திருப்பதிக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் பெண் வந்து அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். இவ்வளவு வருடத்தில் அவர் கையில் அதைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. நூற்றுப் பதினாறுக்கு எழுபத்தாறு.

"சூப்பர் தாத்தா! மாத்திரையே இல்லாம இப்படியா?" என்றாள் அவள். "மீரு அதிர்ஷ்டவந்துலு." அதிர்ஷ்டக்காரர் என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடம் உப்பில்லாமல் தின்றவருக்கு பிபி இருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். "ஒனக்கு இல்லவே இல்லியா மாமா?" என்று கேட்டேன்.

"எப்பவுமே இல்லடா. மிஷினு வாங்கின அன்னிக்கே பாத்துட்டேன்" என்றார். "நைனாவுக்கு இருந்திச்சி, அண்ணனுக்கு இருந்திச்சி. அக்காவுக்கு, ஒங்கம்மாவுக்கு, எல்லாருக்கும் கீது. எனக்கு மட்டும் இல்ல. அதே களி, அதே கருவாடுதான் நானும் துன்னு வளந்தேன்."

சொட்டு மருந்து விட்டிருந்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

"வூட்ல கெட்டதா கீறது எல்லாம் அவளுக்குப் போயிடுச்சி. என்கிட்ட நல்லதா இருந்தது இது ஒண்ணுதான்டா. இத மட்டும் அவளுக்குக் குடுக்க முடியல."